பாம்பு வருடத்து அக்கா

என்னைவிட இரண்டு வயது சின்னவளை நான்கு வருடம் வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிட்ட மடச்சி நான். கொரியாவில் எங்கள் பூசான் ஊருக்கு, சாசாங் பக்கம் வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், பன்றி சூப்புக் கடை தொக்ஜா ஏமாந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த அக்காவைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவள் ஒருத்தியும் கிடையாது.

அவளுடைய சொந்தப் பெயர் பாங் பில்நாம். ஹாப்சோன் மலையில் நான்காவது பெண்ணாகப் பிறந்தாள். 'அடுத்தது கட்டாயம் ஆண்' என்று அர்த்தம் வருகிற அந்தப் பெயரை அவள் அப்பா ஆத்திரத்தில் வைத்தார். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது, அது அவர் தலையெழுத்து. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்கு வயதில் பில்நாம் பூசானுக்கு பஸ் ஏறினாள்.

எங்கள் ஷூ கம்பெனியில் பதினாறு நிரம்பாதவர்களை எடுக்கக் கூடாது. அதனால் அவள் தன் பெரியப்பா மகள் இன்சிலின் அடையாளத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆள் எடுக்கிற மேஜையில் அப்போது குமாஸ்தாவாக இருந்தவன் ஹாம். பின்னால் அவன்தான் எங்களுக்கு மேனேஜரானான். தாளில் பதினெட்டு என்று இருக்கிறது, எதிரே நிற்கிற பிள்ளையின் தலை மேஜைக்கு மேல் சரியாகத் தெரியவில்லை. ஹாம் அவளை ஒரு செங்கல்லின் மேல் ஏறி நிற்கச் சொன்னான். உயரம் அளந்தான். "ம், சோறு தின்னா வளருவா" என்று சொல்லி முத்திரை குத்தினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அந்த மேஜையில் தினமும் செய்தார்கள். ஏற்றுமதிக்குக் கை வேண்டும், சின்னக் கையாக இருந்தால் தையல் இன்னும் நேர்த்தியாக வரும்.

அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் வயது தெரியாமல் ஒருத்தரோடு ஒரு வாய் சோறு கூடச் சாப்பிட முடியாது. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது, யார் முதலில் கரண்டியைத் தூக்குவது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் வருடங்களுக்குப் பிராணிகளின் பெயர், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, கோழி என்று பன்னிரண்டும் வரிசையாகச் சுற்றி வரும்.

"எந்த வருஷம்?" என்றேன்.

"பாம்பு" என்றாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள், பாவி.

நான் ஆட்டு வருடத்துக்காரி. பாம்பு என்றால் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள். "ஐயோ, அக்காவா நீங்க? மன்னிச்சுக்குங்க" என்று என் சூப்பில் கிடந்த ஒரே மீன் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டேன். அப்புறம் மேஜையில் இருந்த எல்லோரும், அக்கா கரண்டியை எடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவளோ யாராவது பெரியவர்கள் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள். சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு கட்டியது. எவ்வளவு நிதானமான மனுஷி என்று நான் வியந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்று ஆகிவிட்டால் சும்மா இருக்க முடியுமா? விடுதியில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், "அக்கா, நீங்க போய்க் கேளுங்க" என்று அவளைத்தான் தள்ளிவிடுவோம். எங்கள் லைன் மேஸ்திரியின் பெயர் குக். ஒருத்தி கோணலாகத் தைத்துவிட்ட ஷூவை எடுத்து அவன் அவள் முகத்திலேயே எறிந்தால், "அக்கா, நீங்க சொல்லுங்க" என்போம். அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை எழுந்து போய்ச் சொல்லும்.  சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பி வந்ததில்லை. நடுவில் ஒரு வருடத்தில் ஒரு சாண் வளர்ந்தாள். இருபது வயதுக்கு மேல் ஒருத்தி வளருகிறாளே என்று எங்களில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. பூசான் கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று பேசிக்கொண்டோம்.

எண்பத்தேழாம் வருடத்து ஆகஸ்டுக்கு வருகிறேன். அந்தக் கோடையில் நாடு முழுக்க வேலைநிறுத்தம். உல்சானில் கப்பல் கட்டுகிறவர்கள் பாரவண்டிகளை முன்னால் விட்டு ஊர்வலம் போனார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். எங்கள் கம்பெனியில் மட்டும் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. தகரக் கூரை, பசை நாற்றம், வேர்வை. பெல்ட்டில் ஷூ வந்துகொண்டே இருக்கும், அது நமக்காக நிற்காது. எங்கள் லைன் முழுவதற்கும் பாத்ரூம் போக ஒரே ஒரு மரப் பில்லை. அது குக்கின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அவன் எடுத்துக் கொடுத்தால்தான் போகலாம். எங்களில் யாருக்கும் அவன் வாயில் பெயர் கிடையாது. ஏய், இல்லாவிட்டால் மிஷின் எண்.

பூன்ஹீ என்று ஒருத்தி, வாயில்லாப் பூச்சி. அன்றைக்கு மூன்று தடவை எழுந்து போய்ப் பில்லை கேட்டாள். "சரக்குக் கப்பல் போகட்டும், அப்புறம் நீ போ" என்று மூன்று தடவையும் விரட்டினான். கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். ஸ்டூலுக்குக் கீழே ஈரம் பரவியது. குக் மைக்கை எடுத்தான்.

"பதினேழாம் மிஷின்ல தண்ணி ஒழுகுதுப்பா. ஃபிட்டரைக் கூப்பிடுங்க!"

அடப் பாவி, நீயும் ஒரு தாய் வயிற்றில்தானே பிறந்தாய்! எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் கை பரபரக்கிறது. ஷூ கம்பெனி, எறிவதற்குப் பஞ்சமே இல்லை, இருந்தும் நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். அக்காதான் எழுந்தாள். தன் ஏப்ரனை அவிழ்த்து பூன்ஹீயின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். நேரே போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது.

"எல்லாரும் வாங்கடி. பாத்ரூம் போவோம்" என்றாள்.

ஒருத்தி எழுந்தாள், நான் எழுந்தேன், லைன் முழுக்க எழுந்தது. குக் பில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"பில்லை இல்லாம எங்கடி போறீங்க?"

"அதை நீங்களே கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்குங்க மேஸ்திரி. உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றேன் நான். அக்கா முன்னால் நடக்கும்போது எனக்கு வாய்க்கு என்ன குறைச்சல்!

ஒரே வரிசை. ஒருத்தி போய் வந்தபிறகுதான் அடுத்தவள். அடுத்த கட்டடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். வரிசை படி இறங்கியது, முற்றத்தைச் சுற்றியது, கொதிகலன் அறை வரைக்கும் நீண்டது. ஹாம் ஓடிவந்து, "இது ஸ்ட்ரைக், சட்ட விரோதம்!" என்று கத்தினான். "ஐயோ, ஸ்ட்ரைக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. அவசரமா வருது, வரிசையில நிக்கிறோம்" என்றார்கள் பெண்கள். சாயங்காலம் வரை வரிசை குறையவே இல்லை, போய் வந்தவள் மறுபடியும் கடைசியில் போய் நின்றாள். மறுநாள் நிற்பதை விட்டுவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். கொதிகலன் அறை ஆண்கள் வெண்கலத் தட்டோடும் மேளத்தோடும் வந்தார்கள். பெரிய அண்டாவில் மாவைக் கிள்ளிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். ஞாயிறு விடுமுறை வேண்டும், கூலி ஏற வேண்டும், பில்லையை அடுப்பில் போட வேண்டும், எங்களைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று துணியில் எழுதிக் கட்டினோம்.

பேச்சு நடத்த ஒரு பிரதிநிதி வேண்டுமே. "இன்சில் அக்கா!" என்று முற்றமே கத்தியது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்னை விட்டுடுங்கடி. வேற யாரையாவது போடுங்க."

"ஏன்க்கா? பயமா?"

"பயந்தான்" என்றாள்.

எதற்கு என்று சொல்லவில்லை. பிரதிநிதியின் பெயர் ஆபீசுக்குப் போகும், ஆபீஸ் ஊரில் விசாரிக்கும், அடுத்தவள் பெயரில் வேலை பார்த்தது தெரிந்தால் ஜெயில். அவளுக்கு மட்டுமா, தாளைக் கொடுத்த பெரியப்பா மகளுக்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.  அப்புறம், "சரி, எழுதிக்குங்க" என்றாள்.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஹாம் சரக்கு லாரியின் மேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு களை.

"தொழிலாளத் தோழிகளே! உங்க தலைவியை நல்லாப் பாத்துக்குங்க. இவ பாங் இன்சில் கிடையாது. அசல் இன்சில் மிர்யாங்ல கல்யாணமாகி ரெண்டு பிள்ளையோட இருக்கா. அப்ப இது யாரு? பொய்ப் பேர்ல உள்ள வந்த காலேஜ் மாணவி! சியோல்லேர்ந்து வந்த செவப்புக் கட்சி ஆளு! உங்களைத் தூண்டிவிட்டுட்டு நாளைக்கு அவ படிப்பைப் பாக்கப் போயிடுவா. உங்க பொழப்புல மண்ணு. நேர்மையானவங்க எழுந்து லைனுக்குப் போங்க. போனவங்களை மன்னிச்சிடறோம்."

மேளம் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் படித்த பிள்ளைகள் கள்ளப் பெயரில் தொழிற்சாலைகளுக்குள் வந்து சங்கம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிடிபட்டால் அவர்களோடு பழகினவர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். 

"அக்கா, நிஜமா? நீங்க காலேஜா?" என்றேன்.

அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் ஏறினாள். அவளுக்கு ஒலிபெருக்கி இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

"காலேஜா? ஏங்க மேனேஜர், நான் கூட்டல் கணக்கையே விரலை விட்டு எண்ணிப் போடறவ. ஆறாங் கிளாஸைத் தாண்டல. ஆனா பேரு பொய்தான். நான் இன்சில் இல்ல. என் பேரு பாங் பில்நாம். அவ எங்க பெரியப்பா பொண்ணு. எனக்குப் பதினாறு ஆகலைன்னு அவ தாளை வாங்கிட்டு வந்தேன். இத்தனை பேரையும் ஏமாத்தினேன். அதுக்கு மன்னிச்சுக்குங்க."

 போலீஸ் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. எனக்கு மட்டும் புத்தி வேறெங்கோ போனது. என்னையறியாமல் வாய் திறந்துகொண்டது.

"அப்ப நீ எந்த வருஷம்டி?"

அவள் பெட்டி மேலிருந்து என்னைப் பார்த்தாள். "கோழி" என்றாள், மெதுவாக.

"கோழியா! அடி கழுதை! நான் ஆடுடி! உன்னைவிட ரெண்டு வருஷம் பெரியவடி! நாலு வருஷமா உனக்கு என் மீனைப் போட்டேனேடி!"

நான் வயிறெரிந்துதான் கத்தினேன், சத்தியமாக. ஆனால் முன்வரிசை குபீரென்று சிரித்தது. சிரிப்பு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். "அப்ப நான் குதிரைம்மா, உனக்குப் பெரிய அக்கா, காலைப் பிடி" என்று யாரோ கத்தினாள். "நான் குரங்கு, எனக்கும் நீ தங்கச்சிதான்" என்றாள் இன்னொருத்தி. காலேஜ் மாணவி என்ற பயம் அந்தச் சிரிப்பில் கரைந்தே போனது. கோழி வருடத்தில் பிறந்ததை மறைத்த ஹாப்சோன் மலைப் பெண்ணைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பில்நாமும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு லாரியின் பக்கம் திரும்பினாள்.

"மேனேஜர் சார், வாங்க, போலீசுக்குப் போவோம். நானே வரேன். ஆனா அங்க ஒரு கேள்வி கேப்பாங்க, எந்த வயசுல உள்ள வந்தேன்னு. பதினாலுன்னு சொல்லுவேன். எடுத்தது யாருன்னு கேப்பாங்க. செங்கல் மேல ஏத்தி அளந்து பாத்து, சோறு தின்னா வளருவான்னு முத்திரை குத்துனது நீங்கதான்னு சொல்லுவேன். பதினாலு வயசுப் பிள்ளை விடிய விடிய ஓவர்டைம் பாத்த கதையையும் சொல்லுவேன். சொல்லட்டுமா?"

ஹாம் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது.

அப்போது என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. பூன்ஹீ. நான்கு வருடத்தில் அவள் குரலை நான் கேட்டது பத்து வார்த்தை இருக்காது.

"நானும் வரேன் போலீசுக்கு" என்றாள். "நான் பூன்ஹீ இல்ல. பூன்ஹீ எங்க அக்கா. என் பேரு சுன்தொக்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள். "நானும். நான் எங்க சித்தி பேர்ல இருக்கேன்." அடுத்து இன்னொருத்தி. "எனக்குப் பதினஞ்சு, தாள்ல இருபது." அந்த மூலையில் ஒருத்தி, இந்த மூலையில் ஒருத்தி. அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. முற்றம் முழுக்கக் கைகள், ஒவ்வொருத்தியும் தன் சொந்தப் பெயரைத் தானே கூவிக்கொண்டிருந்தாள். எத்தனை வருடமாக அடக்கி வைத்த பெயரோ! சிலர் சிரித்துக்கொண்டு கூவினார்கள், சிலர் அழுதுகொண்டு கூவினார்கள். என் பெயர் அசல்தான், ஆனாலும் அந்த வேகத்தில் நானும், "தொக்ஜா! தொக்ஜா!" என்று கத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் ஹாம். இத்தனை பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், சின்னப் பிள்ளைகளை வைத்து ஷூ தைத்த கம்பெனி என்று வெளிநாட்டில் வாங்குகிறவன் வரைக்கும் செய்தி போகும். லாரியிலிருந்து இறங்கியவன் போலீஸ்காரர்களிடம் ஓடினான். தலையைச் சொறிந்தான், குனிந்தான், கும்பிட்டான், ஏதோ தப்பாகப் புகார் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஜீப் வந்த வழியே திரும்பிப் போனது. மேளம் மறுபடி தொடங்கியது. அண்டாவைச் சுற்றி ஆடினோம், கஞ்சி அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் ஆடினோம்.

அதற்கப்புறமும் இழுத்தடித்துப் பார்த்தார்கள், ஆனால் காற்றுப் போன பந்தை எவ்வளவு தூரம் உதைக்க முடியும்? கேட்டதில் பெரும்பாலானதைக் கொடுத்தார்கள். அதோடு பில்நாம் புதிதாக ஒன்றையும் சேர்த்தாள். கடன் வாங்கின பெயரில் இருப்பவர்கள் எல்லோரும் சொந்தப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம், வேலை பார்த்த வருடங்களில் ஒரு நாள்கூடக் கழியக் கூடாது. "அது முடியவே முடியாது" என்றான் ஹாம். "அப்ப பாத்ரூம் வருது மேனேஜர்" என்றாள் பில்நாம். கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவள் அதற்கப்புறம் சங்கத் தலைவியாக இருந்தாள். ஷூ கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டிப் போனபோது எங்களுடையதும் போனது, நஷ்டஈடு வாங்காமல் ஒரு மிஷினைக்கூடக் கேட்டுக்கு வெளியே விடவில்லை அவள். பஸ் டிரைவர் ஒருத்தரைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயும் எல்லோரையும் கரண்டியைக் கீழே வைக்கச் செய்து ஓய்வு அறை வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வருவாள். நான் கரண்டியைத் தூக்கும்வரை அவள் தூக்கக் கூடாது, அது என் சட்டம். "பசிக்குதுக்கா, சீக்கிரம் எடுத்துத் தொலைங்க" என்பாள். அந்த 'அக்கா'வைக் கேட்பதற்காகவே நான் கொஞ்சம் தாமதம் செய்வதுண்டு.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு அவள் என்றால் நினைவுக்கு வருவது வேலைநிறுத்தம் முடிந்து லைன் திறந்த அந்தத் திங்கட்கிழமைக் காலைதான்.

அந்த முற்றத்தில் போலீஸ் உள்ளே வந்தபோதும் அவள் அழவில்லை. எல்லோரும் அழுதுகொண்டு பெயர் கூவியபோதும் அழவில்லை. அன்றைக்குக் காலையில் நாங்கள் மிஷின்களுக்கு முன்னால் நின்றோம். ஒப்பந்தப்படி ஒவ்வொருத்தரையும் சொந்தப் பெயர் சொல்லி, மரியாதை சேர்த்து ஆஜர் எடுக்க வேண்டும். குக் மைக்கைப் பிடித்தான், முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

"யூன் சுன்தொக் அவர்கள்."

"இருக்கேன்" என்றாள் நேற்றுவரை பூன்ஹீயாக இருந்தவள். லைன் முழுக்கக் கை தட்டியது. குக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

"பாங் பில்நாம் அவர்கள்."

பதில் இல்லை.

"பாங் பில்நாம் அவர்கள் வரலையா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் முன்னால்தான் நிற்கிறாள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் கழுத்தை நீட்டி அங்கும் இங்கும் தேடிக்கொண்டிருக்கிறாள். முற்றத்தில் அவளே கூவியதோடு சரி, வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அதுவும் மைக்கில், அதுவும் மரியாதையோடு.  முதுகில் தட்டினேன்.

"ஏய், உன்னைத்தான்டி."

அவள் என்னைப் பார்த்தாள், குக்கைப் பார்த்தாள். "நானா?" என்று கேட்டவள் அப்படியே முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. குக் மைக்கைப் பிடித்தபடி நின்றான், பெல்ட் ஓடாமல் நின்றது, அந்தப் பெரிய கொட்டகையே அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருக்கேன்" என்றாள்.

அதற்கப்புறம்தான் பெல்ட் ஓடத் தொடங்கியது.